கேட்காமல் எழுதிய 120/80

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி சென்னையில பஸ் ஏறி, விடியக்காலையில பெரம்பலூர் நாலு ரோட்டுல இறங்கி, அங்கிருந்து அரியலூர் பஸ்ஸைப் பிடிச்சா குன்னம் பக்கத்துல எங்க ஊர். வீட்டுக்குள்ள நுழைஞ்சு பையைக் கூட இறக்கி வைக்கலை. "மாமா, அப்படியே உட்காருங்க, கையை நீட்டுங்க"ன்னு ஒரு அதிகாரக் குரல். அக்கா பொண்ணு. பெரம்பலூர்ல நர்சிங் அசிஸ்டெண்ட் கோர்ஸ் சேர்ந்து நாலு மாசம் ஆகுது. கழுத்துல ஸ்டெதஸ்கோப், கையில பிபி பார்க்கிற டப்பா. பிராக்டிகல் நோட்டுல ஐம்பது பேருக்கு பிபி பார்த்து எழுதிட்டு வரணுமாம். வீட்டுல இருக்கிறவங்க, பால்காரர், பொங்கப்பானை விக்க வந்தவர்னு ஒருத்தரையும் விடலை.

"இவ்ளோ கஷ்டப்படுறியே, உன் கூடப் படிக்கிறவங்க எல்லாம் இப்படித்தான் வீடு வீடா அலையறாங்களா?"ன்னு கேட்டேன்.

"இல்ல மாமா. பாதிப் பேரு சும்மா 120/80, 110/70ன்னு மாத்தி மாத்தி எழுதிருவாங்க. எனக்குத்தான் டொக் டொக்குன்னு சத்தம் கேட்கிற வரைக்கும் மனசு ஆறாது."

அவ ரொம்ப சாதாரணமாத்தான் சொன்னா. எனக்கு அது சாதாரணமா இறங்கலை. காரணம் எங்க அப்பாயி.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் இஞ்சினியரிங் படிச்சிட்டிருந்தப்போ அப்பாயிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து போச்சு. திருச்சிக்குத் தூக்கிட்டுப் போனோம். நாலு நாள்ல முடிஞ்சு போச்சு. அப்புறம் ஒருநாள் பீரோவுல அப்பாயியோட மருந்துச் சீட்டு நோட்டு கிடைச்சது. மாசா மாசம் ஒரு இடத்துல போய்ப் பார்த்துட்டு வரும். நோட்டுல வரிசையா 130/80, 120/80, 130/80, 120/80, 130/80. பதினாலு மாசம். அப்போ அதைப் பார்த்து "பிரஷர் நல்லாத்தானே இருந்திருக்கு, விதி"ன்னு நினைச்சேன்.

இப்போ பொட்டி தட்டுற வேலைக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. ஒரு சர்வர் பதினாலு மாசமா மாறி மாறி ரெண்டே எண்ணைச் சொல்லிட்டிருந்தா நாங்க சந்தோஷப்பட மாட்டோம். "சென்சார் செத்துப் போச்சு, போய்ப் பாரு"ன்னுதான் சொல்லுவோம். உயிருள்ள உடம்போட எண் காலையில ஒண்ணு, படியேறினா ஒண்ணு, மருமக கூட சண்டை போட்டா ஒண்ணுன்னு இருக்கும். எழுபத்திரண்டு வயசுக் கிழவிக்கு ஒரு வருஷத்துக்கு மேல ரெண்டே எண் வருமா? வரலாம். நிஜமாவே அப்படி இருந்திருக்கலாம். யாரும் கேட்காமலே எழுதியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. எது உண்மைன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. அந்த சந்தேகம் மட்டும் போகவே மாட்டேங்குது.

இந்தத் தடவை பொங்கல் லீவு முழுக்க இந்த எண்ணோட பின்னாடியே போய்ப் படிச்சேன். படிச்சதைக் கொட்டிடறேன், பொறுத்துக்குங்க.

குதிரையில ஆரம்பிச்ச கதை

நம்ம ஊர்ல வைத்தியர் மணிக்கட்டுல மூணு விரல் வச்சு நாடி பார்ப்பார். வாதம், பித்தம், கபம்னு ஒவ்வொரு விரலுக்கும் ஒண்ணு. ஐரோப்பாவுலயும் ரொம்ப நாள் விரல்தான் கருவி. நாடி துள்ளுது, அமுங்குதுன்னு சொல்லலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது.

அந்த 'எவ்வளவு'ங்கிற கேள்விக்கு முதல்ல பதில் எடுத்தவர் டாக்டர் கூட இல்லை. ஸ்டீஃபன் ஹேல்ஸ்னு இங்கிலாந்துல ஒரு பாதிரியார். ஒரு குதிரையைக் கட்டிப் படுக்க வச்சு, அதோட தொடைத் தமனியில பித்தளைக் குழாயைச் செருகி, அதுல நீளமான கண்ணாடிக் குழாயைச் செங்குத்தா பொருத்தினார். ரத்தம் மடமடன்னு ஏறி 8 அடி 3 அங்குலத்துல நின்னுச்சு. இதை 1733ல புத்தகமா வெளியிட்டார்.

இன்னிக்குக் கணக்குக்கு மாத்திப் பார்த்தேன். அது 190 மி.மீ. பாதரசத்தைத் தாண்டுது. கட்டிப்போட்டு தொடையைக் கிழிச்சா எந்தக் குதிரைக்கும் பிரஷர் ஏறத்தானே செய்யும்! பார்க்கிற முறையே எண்ணை மாத்திடும்ங்கிற பாடம் முதல் அளவீட்டுலயே இருக்கு. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நமக்கு ஏறுதே, அதுவும் இந்தக் கதைதான்.

நம்ம 120ஐ ஹேல்ஸ் முறையில அளந்தா, ரத்தம் 155 செ.மீ. உயரத்துக்கு நிக்கும். அஞ்சடிக்கு மேல. ஆஸ்பத்திரியில அவ்ளோ உயரத்துக்குக் கண்ணாடிக் குழாயை நட்டு வைக்கவா முடியும்? 1828ல பிரான்சுல புவாசேய் இதுக்கு ஒரு வழி சொன்னார். ரத்தத்தையே ஏத்தாம, அது பாதரசத்தைத் தள்ளட்டும். பாதரசம் தண்ணியை விட 13.6 மடங்கு கனம். அஞ்சடி சமாச்சாரம் 12 செ.மீ.க்குள்ள அடங்கிருச்சு. பிரஷரை இன்னிக்கும் நாம 'மி.மீ. பாதரசம்'னு சொல்றதுக்கு அவர்தான் காரணம். ஆனா அப்பவும் தமனியில குழாய் செருகியாகணும். மிருகத்துக்குச் செய்யலாம், மனுசனுக்கு ஆகுமா?

சைக்கிள் டியூபும் மைக்கூடும்

தோலைக் கிழிக்காம பார்க்கணும்னு பலரும் முட்டி மோதினாங்க. 1881ல ஃபான் பாஷ் மணிக்கட்டுல அழுத்துற மாதிரி ஒரு கருவி செஞ்சார். 1896ல இத்தாலியில டூரின் நகரத்து டாக்டர் சிப்பியோனே ரிவா-ரோச்சி செஞ்சதுதான் இன்னிக்கு நாம பார்க்கிற பட்டைக்குத் தாத்தா. சைக்கிள் டியூப், மைக்கூடு, செம்புக் குழாய், பாதரசம்னு கையில கிடைச்சதை வச்சே செஞ்சிருக்கார். மேல்கையைச் சுத்திப் பட்டை, அதுக்குள்ள காத்து, மணிக்கட்டுல விரல். நாடி காணாமப் போற இடமும் திரும்ப வர்ற இடமும்தான் எண். இதுல மேல எண் மட்டும்தான் தெரியும். கீழ எண் கிடையாது.

இதுலயும் ஒரு தப்பு இருந்துச்சு. அவரோட பட்டை அகலம் ரொம்பக் குறைவு, சுமார் 5 செ.மீ.தான். பட்டை குறுகலா இருந்தா அழுத்தம் உள்ளே தமனி வரைக்கும் சரியாப் போய்ச் சேராது. அதனால பிரஷர் இருக்கிறதை விட அதிகமாக் காட்டும். 1901ல ஃபான் ரெக்லிங்ஹௌசன் இதைக் கண்டுபிடிச்சு பட்டையை ரெண்டு மடங்குக்கு மேல அகலமாக்கினார். குண்டான கைக்கு சின்னப் பட்டையைச் சுத்தினா இன்னிக்கும் அதே தப்புதான் நடக்கும்.

அதே 1901ல அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங், இத்தாலியில பாவியா ஆஸ்பத்திரியில இந்தக் கருவியைப் பார்த்தார். அதைத் தன்னோட ஊருக்குக் கொண்டு போய், ஆபரேஷன் நடக்கும்போதே பிரஷர் பார்க்கிற வழக்கத்தைக் கொண்டு வந்தார்.

காது வச்சுக் கேட்ட ரஷ்யர்

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆள் நிக்கோலாய் கொரோட்கோவ். 1874ல ரஷ்யாவுல குர்ஸ்க்ல பிறந்தவர். அறுவை சிகிச்சை டாக்டர். ரஷ்ய-ஜப்பான் போர் சமயத்துல, 1904-05ல, ஹார்பின்ல காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கிட்டார். குண்டு துளைச்சு தமனி வீங்கிப் போனவங்க நிறைய பேர். அந்தத் தமனியைக் கட்டிட்டா கை பிழைக்குமா, அழுகிடுமான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கணும். அதுக்காக தமனி மேல ஸ்டெதஸ்கோப்பை வச்சு வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தார்.

ஸ்டெதஸ்கோப்பே 1816ல வந்தது. லென்னெக்னு ஒரு பிரெஞ்சு டாக்டர். இளம்பெண் நோயாளி நெஞ்சுல காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழாய் மாதிரி வச்சுக் கேட்டாராம். அங்கிருந்து தொண்ணூறு வருஷம் டாக்டருங்க இதயத்தையும் நுரையீரலையும் கேட்டாங்க. முழங்கை மடிப்பைக் கேட்கணும்னு தோணலை.

கொரோட்கோவுக்குத் தோணுச்சு. பட்டையில காத்தை ஏத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்தினா சத்தமே இல்லை. காத்தை மெல்ல இறக்கினா, ஒரு இடத்துல டொக்குன்னு ஆரம்பிக்குது. அதுதான் மேல எண். அப்புறம் சத்தம் தடிக்குது, மங்குது, ஒரு இடத்துல முழுசா அடங்கிருது. அதுதான் கீழ எண். மூடின தமனி துடிப்புக்குத் துடிப்பு படார்னு திறந்து மூடறதாலயும் அந்த நெருக்கடியில ரத்தம் கலங்கி ஓடறதாலயும் வர்ற சத்தம் இது. தமனி முழுசாத் திறந்து ரத்தம் அமைதியா ஓட ஆரம்பிச்சா சத்தமே இருக்காது. 1905ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவக் கல்லூரியில இதைச் சொன்னார். அறிக்கை ஒரு பக்கம் கூடக் கிடையாது. 1920ல காசநோய்ல செத்துப் போனார்.

உலகம் முழுக்க நூறு வருஷமா அந்த ஒரு பக்கத்தை வச்சுத்தான் பிபி பார்த்துட்டிருக்கோம். எங்க அக்கா பொண்ணு "சத்தம் கேட்கலையே மாமா, ஆடாதீங்க"ன்னு என்னை அதட்டினாளே, அவ தேடினது கொரோட்கோவ் கேட்ட அதே சத்தத்தைத்தான்.

எண் கிடைச்சாச்சு, அப்புறம்?

எண் கிடைச்சும் ரொம்ப நாள் அதை யாரும் கண்டுக்கலை. வயசானா தமனி கெட்டியாகும், அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ள பிரஷர் ஏறித்தானே ஆகணும், அது உடம்புக்கு அவசியம்தான்னு நிறைய டாக்டருங்க நம்பினாங்க. இங்கிலீஷ்ல 'எசென்ஷியல்'னு அதுக்குப் பேரு வச்சதே இந்த நம்பிக்கையோட மிச்சம்தான். "வயசுக்கேத்த பிரஷர்தான்"னு நம்ம ஊர்ல இன்னிக்கும் சொல்றாங்களே, அதே கதை.

இதுக்குப் பெரிய பலி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். 1944 மார்ச்ல இதய நிபுணர் ஹோவர்ட் புருயென் பார்த்தப்போ 186/108. அதிபரோட சொந்த டாக்டர் ரோஸ் மெக்கின்டயர் காது மூக்கு தொண்டை நிபுணர். அவர் வெளியில எல்லாம் நல்லா இருக்குன்னே சொல்லிக்கிட்டிருந்தார். 1945 பிப்ரவரியில யால்டா மாநாட்டுக்குப் போய் ஸ்டாலின், சர்ச்சில் கூட உலகத்தைப் பங்கு போட்டுட்டு வந்தவர், ஏப்ரல் 12ல மூளையில ரத்தக் குழாய் வெடிச்சு இறந்தார். அப்போ எடுத்த எண் 300/190. புருயென் இதையெல்லாம் 1970லதான் எழுதி வெளியிட்டார். உலகத்துலயே பெரிய பதவியில இருந்தவருக்கும் எங்க அப்பாயிக்கும் கடைசியில ஒரே சாவு.

ரூஸ்வெல்ட் செத்து மூணு வருஷம் கழிச்சு, 1948ல, ஃப்ரேமிங்ஹாம்ங்கிற ஊர்ல 5209 பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிக்க ஆரம்பிச்சாங்க. பிரஷர் ஏறினா மாரடைப்பும் பக்கவாதமும் வர்ற வாய்ப்பு ஏறுதுன்னு சந்தேகமில்லாம நிரூபிச்ச ஆராய்ச்சிகள்ல இது முக்கியமானது.

மருந்து விஷயத்துல நம்ம நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேரை இங்கே வைத்தியர்கள் காலங்காலமா பயன்படுத்தினாங்க. 1949ல பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், அதை பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து பிரிட்டிஷ் இதழ்ல எழுதினார். 1952ல சுவிட்சர்லாந்துல அந்த வேர்ல இருந்து ரிசர்பைனைப் பிரிச்செடுத்தாங்க. ஆரம்பகால பிரஷர் மாத்திரைகள்ல அது ஒண்ணு.

எண்ணை எழுதறவங்க பொய் சொன்னா?

இதுதான் எனக்கு முக்கியமான பகுதி. கருவி சரி, மருந்து சரி. கேட்கிற ஆள்?

1960கள்ல லண்டன்ல ஜெஃப்ரி ரோஸும் அவர் கூட இருந்தவங்களும் இதை உட்கார்ந்து ஆராய்ஞ்சாங்க. பிபி பார்க்கிறவங்க பண்ற தப்பை வகை பிரிச்சாங்க. ஒண்ணு, காது சரியாக் கேட்காம எப்பவும் ஒரே பக்கமாச் சாயறது. ரெண்டு, கடைசி எண்ணை 0ல முடிக்கிறது. மூணு, மனசுல முன்கூட்டியே ஒரு எண் வச்சுக்கிட்டு அதுக்குத் தகுந்த மாதிரி கேட்கிறது. பொய் சொல்லணும்னு இல்லை, மனுசக் காதே அப்படித்தான்.

இதைத் தடுக்க ஒரு கருவியும் செஞ்சாங்க. அதுல சத்தம் கேட்கும்போது பாதரச மட்டம் கண்ணுக்குத் தெரியாது. கேட்டதும் ஒரு விசையை அழுத்தணும். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எண்ணைப் பார்க்க முடியும். 1970ல இன்னொரு கருவி வந்துச்சு. அதுல பூஜ்யமே ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல இருக்கும். எவ்வளவு தள்ளி இருந்துச்சுன்னு கடைசியில பார்த்து அதைக் கழிக்கணும். படிச்ச டாக்டருங்களையே நம்பாம இவ்வளவு ஏற்பாடு! நம்ம துறையில டெஸ்டிங் டீமுக்கு விடையைக் காட்டாம டெஸ்ட் பண்ணச் சொல்ற மாதிரி.

எங்க அக்கா பொண்ணுக்கும் கிளாஸ்ல இதுல ஒரு துளி சொல்லிக் கொடுத்திருக்காங்க. "மாமா, இந்த டயல்ல ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல 2. அதனால 125ன்னு எழுதினா மிஸ் உடனே பிடிச்சிருவாங்க. பார்க்காம எழுதினேன்னு அர்த்தம்." அட, இது தெரியாம இருந்துட்டேனே!

அவ சொல்லிக் கொடுத்த மத்த விஷயம்: அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரணும். முதுகு சாஞ்சிருக்கணும், கால் தரையில பதியணும், கால் மேல கால் கூடாது. அரை மணிக்குள்ள காபி குடிச்சிருக்கக் கூடாது. பேசக் கூடாது. கை இதய மட்டத்துல இருக்கணும். கை 10 செ.மீ. கீழ தொங்கினாலே 7, 8 ஏறிடும். (கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியா வருது. ஹேல்ஸோட குதிரைக் கணக்குதான்.) நம்ம ஊர் அம்மாக்களுக்கு இன்னொரு பிரச்சினை. இறுக்கமான ரவிக்கைக் கையை மேல சுருட்டி விட்டா அதுவே ஒரு கட்டு மாதிரி ஆயிடும். அதுக்கு மேலயே பட்டையைச் சுத்தினாலும் தப்பு. நின்னுக்கிட்டே, பேசிக்கிட்டே, வரிசையில ஒரு நிமிஷத்துல எடுக்கிற பிபியில இதெல்லாம் எங்கே நடக்கப் போகுது?

பாதரசமும் போகுது

நூறு வருஷத்துக்கு மேல ஆண்ட பாதரசக் கருவிக்கும் இப்போ விடை கொடுத்துட்டிருக்காங்க. பாதரசம் விஷம். அது தமிழ்நாட்டுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரியை 2001ல மூடினாங்க. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு 2016லதான் உடன்பாடு வந்துச்சு. பாதரசத்தைக் குறைக்கிற மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018ல ஏத்துக்கிச்சு. இனி பொத்தானை அமுக்கினா எண் காட்டுற மெஷின்தான். அது சத்தத்தைக் கேட்கிறதில்லை. பட்டைக்குள்ள வர்ற அதிர்வை வச்சுக் கணக்குப் போடுது.

கருவியோட சேர்ந்து கையும் மாறிடுச்சு. ஆரம்பத்துல பிபி பார்க்கிறது டாக்டர் மட்டுமே செய்யற வேலை. அப்புறம் நர்ஸ் கைக்கு வந்துச்சு. நம்ம பக்கத்துல ஐடா ஸ்கடர் வேலூர்ல நர்ஸ் பயிற்சி ஆரம்பிச்சது 1909ல, கொரோட்கோவ் சொல்லி நாலே வருஷத்துல. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினப்புறம், அந்தந்த ஊர்ப் பொண்ணுங்களே வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கிறாங்க. அரியலூர்ல அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில திறந்தாச்சு. அப்பாயி காலத்துல இதெல்லாம் இருந்திருந்தா... சரி விடுங்க.

உலகத்துல 30 வயசுல இருந்து 79 வயசுக்குள்ள 2019ல சுமார் 128 கோடிப் பேருக்கு ரத்த அழுத்தம் இருந்துச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு. அதுல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருந்ததே தெரியாது. வலிக்காத நோய் இது. அந்த எண் ஒண்ணுதான் அதுக்கு வாய். அதைக் கேட்கிற முதல் காது இன்னிக்கு பெரும்பாலும் டாக்டரோடது இல்லை. ஒரு வருஷப் படிப்பு படிச்சு, சொற்பச் சம்பளத்துக்கு நிக்கிற பதினெட்டு, இருபது வயசுப் பொண்ணோடது. அவளுக்கு அவசரம் கொடுத்து, அம்பது பேரை அரை மணியில முடின்னு சொன்னா, அவ 120/80ன்னு எழுதாம வேற என்ன செய்வா? அப்பாயி நோட்டுல எழுதினவங்க மேல எனக்கு முன்னாடி இருந்த கோபம் இப்போ பாதியாக் குறைஞ்சிருக்கு. முழுசாப் போகலை.

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு சாயந்திரம், அவளோட நோட்டுல நாற்பத்தேழாவது ஆளா எங்க அம்மா உட்கார்ந்தாங்க. "எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே. சத்தம் வந்துச்சு. அவ மூஞ்சி மாறுச்சு. எதுவும் சொல்லலை. அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்ப எடுத்தா. அடுத்த கையில எடுத்தா. மறுநாள் காலையில காபிக்கு முன்னாடி எடுத்தா. 168/98, 164/96, 166/98, 162/96.

"அம்மாயிக்கு இருக்கு மாமா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

நான் சென்னைக்குக் கிளம்பறதைத் தள்ளி வச்சேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்த்தாங்க, அவ எடுத்ததோட ஒத்துப் போச்சு. மாத்திரை கொடுத்திருக்காங்க. ஊறுகாயைக் குறைக்கச் சொன்னதுல மட்டும் அம்மாவுக்கு டாக்டர் மேல கோபம்.

ஆணி புடுங்க வந்தாச்சு. ஆனா வாரா வாரம் ஞாயித்துக்கிழமை போன்ல எண் வருது. 152/92. 146/88. 148/90. போன வாரம் 138/86. ஒரு வாரம் மாதிரி இன்னொரு வாரம் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் நிம்மதியா இருக்கு, யாரோ நிஜமாக் கேட்டு எழுதியிருக்காங்கன்னு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, வெறும் இஞ்சினியர். இதைப் படிச்சுட்டு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த தடவை யாராவது உங்க கையில பட்டையைச் சுத்தும்போது வாயை மூடிக்கிட்டு, காலைப் பதிச்சு, அவங்க காதுக்கு ஒரு நிமிஷம் கொடுங்க. அது போதும்.